கேப்டவுன் அடிமை வரலாற்று நடை: போகலாமா, வேண்டாமா?

கேள்வி, சேலம் வாசகர், நவம்பர் 8

டிசம்பரில் குடும்பத்தோடு கேப்டவுன் போகிறோம். நாலு நாள். டேபிள் மலை, பெங்குவின், நன்னம்பிக்கை முனை எல்லாம் போட்டாச்சு. ஒரு அரை நாள் மிச்சம் இருக்கு. அடிமை வரலாற்று நடை என்று ஒன்று கூட்டிப்போகிறார்களாம். என்னைக் கேட்டால் அது ஆப்பிரிக்கர்களும் வெள்ளைக்காரர்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. தமிழன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே 1860-ல்தான், அதுவும் டர்பனுக்கு, கரும்புத் தோட்டத்துக்கு. கேப்டவுனில் நமக்கு என்ன இருக்கு? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நவம்பர் 8, இரவு 10.40

போங்கள். பெங்குவினை விட்டாலும் இதை விடாதீர்கள்.

1860 டர்பனுக்குச் சரி. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று போய்ச் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கேப்டவுன் கதை அதற்கு இருநூறு வருஷம் முந்தியது. அங்கே ஒப்பந்தமே கிடையாது, ஆளையே விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். டச்சுக் கம்பெனி 1652-ல் அங்கே இறங்கியதிலிருந்து 1808-ல் அடிமை இறக்குமதி நிற்கும்வரை ஏறத்தாழ 63,000 பேரைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், அப்புறம் இந்தியாவும் இலங்கையும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நம் பக்கத்து ஆட்கள். வங்காளம், மலபார், கோரமண்டல். கோரமண்டல் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது நம் சோழமண்டலக் கரையைத்தான்.

நான் பொன்னேரிக்காரி. போன வருஷம் வேலைக்காக ஏழு மாதம் கேப்டவுனில் இருந்தேன். அந்த நடையை மூன்று தடவை நடந்திருக்கிறேன். நாளை விவரமாக எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

நவம்பர் 9, காலை

முதலில் வழி. எல்லாம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. ஆடர்லி தெருவும் வேல் தெருவும் சேரும் மூலையில் அடிமை விடுதி. 1679-ல் கட்டியது. கம்பெனிக்குச் சொந்தமான அடிமைகளை 1811 வரை இதில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து ரெண்டு மூன்று நிமிஷம் நடந்தால் சர்ச் சதுக்கம். அதை ஒட்டி ஸ்பின் தெரு, அங்கே அடிமை மரம் நின்ற இடம். திரும்பி வேல் தெருவிலேயே மேட்டில் ஏறினால் போ-காப் குடியிருப்பு. நின்று நின்று போனால் மூன்று மணி நேரம் ஆகும். நிற்காமல் போனால் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும், அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

நவம்பர் 9, இரவு

மூன்று தடவை ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் தடவை போனது விருப்பக் கட்டண நடை. வெயில், இருபது இருபத்தைந்து பேர். கூட்டிப்போன இளைஞர் அடிமை விடுதிக்கு எதிரே, தெருவின் இந்தப் பக்கமே நின்று பேசினார், உள்ளே கூட்டிப்போகவில்லை. "அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இங்கே அடிமைகளை நன்றாகவே நடத்தினார்கள், வீட்டு வேலைதானே" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அதுதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் ஆட்டினேன்.

சாயங்காலம் தனியாகத் திரும்பிப் போய் உள்ளே நுழைந்தேன். இன்று வெளியிலிருந்து பார்த்தால் அழகான முகப்பு, பெரிய பெரிய ஜன்னல்கள். அதெல்லாம் பிற்பாடு வந்தவை. முதலில் கட்டியபோது வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது, கம்பி வைத்த கீற்றுகள்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் நாலு பக்கமும் இருட்டு அறைகள். 132 வருஷம் அப்படி. அடிமைகள், தண்டனைக் கைதிகள், மனநிலை பிறழ்ந்தவர்கள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். இரவில் ஒரு மணி நேரம் வாசலைத் திறந்துவிடுவார்களாம், சிப்பாய்களும் மாலுமிகளும் உள்ளே இருக்கும் பெண்களிடம் வருவதற்காக. "வீட்டு வேலைதானே" என்று அந்த இளைஞர் சொன்னது இந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டுதான்.

பிறகு அந்தக் கட்டடம் அரசு அலுவலகமாகி, உச்ச நீதிமன்றமாகி, 1966-ல் பண்பாட்டு அருங்காட்சியகமாகி, 1998-ல்தான் அடிமை விடுதி என்று பழைய பெயரே திரும்ப வந்தது.

நவம்பர் 11

ரெண்டாவது நடைதான் நடை. ஜூலை மாதம். அங்கே குளிர்காலமும் மழையும் அப்போதுதான். ஆறே பேர். கூட்டிப்போனவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா, அந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயரே ஒரு மாதத்தின் பெயர். கேப்டவுன் தொலைபேசிப் புத்தகத்தில் செப்டம்பர், பெப்ரவரி என்று குடும்பப் பெயர்கள் வரிசையாக வரும். வாங்கியவன் ஆளின் பெயரைக் கேட்க மெனக்கெடவில்லை. மாதத்தின் பெயரை வைத்தான், இல்லையென்றால் க்யூபிடோ, அப்பல்லோ, டைட்டஸ் என்று ரோமாபுரிப் பெயர்கள். அதற்குப் பின்னால் எங்கிருந்து வந்தது என்று ஊர் ஒட்டு. 'வான் பெங்காலன்' என்றால் வங்காளத்து, 'வான் சிலோன்' என்றால் இலங்கையிலிருந்து, 'வான் டி காப்' என்றால் அங்கேயே பிறந்தது.

அந்த அம்மா தொடங்கும்போதே ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். நாட்டைச் சொன்னால் விடமாட்டார், ஊர்ப் பெயர் வேண்டும். என் முறை வந்ததும் சென்னைக்கு வடக்கே, பொன்னேரி என்றேன். தெரியவில்லை. கடற்கரையா என்றார். கடற்கரை இல்லை, ஆனால் பக்கத்தில் பழவேற்காடு என்று ஒரு துறைமுகம் இருந்தது, அங்கே டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது என்றேன். அவர் குடையைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "பலியகட்டா?" என்றார்.

எங்கள் ஆயா பிறந்த ஊர் அது. சின்ன வயசில் விடுமுறைக்குப் போனால் இறால் தொக்கும், ஏரியில் படகும், டச்சுக் கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதும்தான் எனக்கு அந்த ஊர். ஏழு கடல் தாண்டி ஒரு அம்மா அதை அவர்கள் ஊர்த் தெருப்போல உச்சரிக்கிறார்.

அன்று அவர் சொன்ன கதை: கத்ரெய்ன் வான் பலியகட்டா. பழவேற்காட்டுக் கத்ரெய்ன். ஆள் பெரிசாக இருந்ததாலோ என்னவோ, 'பெரிய கத்ரெய்ன்' என்றுதான் பதிவுகளில் வருகிறது. பழவேற்காட்டிலிருந்து அடிமையாக பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனவள். அங்கிருந்து 1657-ல் கேப்டவுனுக்கு. கோட்டையில் கம்பெனித் தளபதியின் துணி துவைத்தாள். அவளுக்கு ஒரு சிப்பாயின் மூலம் பிறந்த மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற பெயரோடு இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் அந்த மகனின் வழி வந்தவை.

மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் இதைக் கேட்டேன். கூட வந்தவர்களுக்கு அது ஒரு கதை. எனக்கு எங்கள் ஊர் ஆற்றங்கரையில் துணி துவைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நவம்பர் 11, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அவசரத்தில் கத்ரெய்ன் கேப்டவுனுக்கும் அடிமையாகவே போனாள் என்பதுபோல் எழுதிவிட்டேன். அப்படி இல்லை. பட்டாவியாவில் தன் காதலனைக் கொன்ற வழக்கில் முதலில் மரண தண்டனை, அதைக் குறைத்து ஆயுளுக்கும் நாடு கடத்தினார்கள். கேப்டவுனுக்கு அவள் போய்ச் சேர்ந்தது தண்டனைக் கைதியாக. அந்தக் காலத்தில் கேப்டவுன் கம்பெனிக்கு அந்தமான் மாதிரி. 1671-ல் வங்காளத்திலிருந்து வந்த ஒரு விடுதலையடைந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

நவம்பர் 12

"பலியகட்டா பழவேற்காடுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்டவருக்கு: ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், எழுதிய பதிவுகளில் பழவேற்காட்டின் பெயரே அதுதான். 1613-ல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை அங்கே இருந்தது, நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரைக்கே அதுதான் தலைமையிடம். மலேசியாவில் கைலியைப் 'பெலிக்காட்' என்பார்கள். அதுவும் நம் பழவேற்காடுதான். துணியும் அங்கிருந்துதான் போயிற்று, வெடிமருந்தும் அங்கிருந்துதான் போயிற்று, ஆளும் அங்கிருந்துதான் போனது.

நவம்பர் 14

சேலத்து நண்பர் திரும்பவும் கேட்கிறார், "சரி, ஒருத்தி போனாள். அதுக்காக நம்ம வரலாறு ஆயிடுமா?"

ஒருத்தி இல்லை. 1658-ல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த வருஷமே தஞ்சாவூர்ச் சீமையில் பீஜப்பூர்ப் படையின் சூறையாடலும் அதோடு சேர்ந்த பஞ்சமும். 1659 முதல் 1661 வரை. ஊர் ஊராக அழிந்து, பிழைத்தவர்கள் சோற்றுக்காகக் கடற்கரைக்கு நடந்து வந்தார்கள். பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள். வாங்க ஆள் தயாராகக் கரையில் நின்றது. ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றினார்கள், பெரும்பாலானவர்கள் இலங்கைக்கு, மிச்சம் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும். கேப்டவுன் அந்தப் பாதையின் கடைசிக் கண்ணி.

தஞ்சாவூர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், இந்தப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டில் ஏதாவது பேச்சு உண்டா? தாது வருஷப் பஞ்சம் எங்கள் ஆயாவுக்கு அவர் ஆயா சொன்ன கதையாகவாவது வந்தது. அதற்கு முந்தியது எதுவும் வரவில்லை. விற்றுப் போனவர்கள் கதை சொல்ல வீட்டில் இல்லை, அது ஒரு காரணம்.

நவம்பர் 15

யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படியே எடுத்துப் போடுகிறேன் (தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம்): "தங்கச்சி, ஒல்லாந்தர் வந்துதான் அடிமை வந்ததெண்டு எழுதிப்போடாதேங்கோ. அவையள் 1707-ல தொகுத்த தேசவழமையிலேயே அடிமையளுக்கெண்டு தனிப்பகுதி கிடக்கு. அது எங்கட வழமை. அவையள் எழுதினவை மட்டும்தான்."

சரிதான் அண்ணா. ரெண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் கோயில் கல்வெட்டுகளில் தன்னையும் தன் குடும்பத்தையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் வருகிறார்கள். ஆளோலை என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. சுந்தரர் கல்யாணத்தில் கிழவராக வந்த சிவன் நீட்டியது ஆளோலைதான், "உன் பாட்டன் எழுதிக்கொடுத்தது, நீ எனக்கு அடிமை" என்று. அதைப் பக்தியாகக் கேட்டே வளர்ந்துவிட்டோம். அந்த ஓலை என்ன ஓலை என்று நான் நாற்பது வயது வரைக்கும் யோசித்ததில்லை. கேட்டவர்களுக்கு அது புரிந்தது என்றால், அப்படி ஓலைகள் ஊரில் இருந்தன என்றுதானே அர்த்தம். இங்கே அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை எடுத்ததே 1843-ல்தான், இலங்கையில் 1844.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரன் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு வந்து கொடுக்கத் தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசிய மொழி நம் மொழி.

நவம்பர் 15, சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லக்கூடாதா" என்று ஒருவர். நான் அப்படிச் சொல்லவில்லை. கப்பல் யாருடையது, கணக்குப் புத்தகம் யாருடையது, லாபம் யாருக்குப் போனது என்பதில் சந்தேகமே இல்லை. நம் தரகர்களைச் சொன்னது, போனவர்களுக்கு நாம் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

நவம்பர் 18

சர்ச் சதுக்கம் பற்றிக் கேட்டவருக்கு.

2008-ல் அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 11 கறுங்கல் பாளங்கள், உட்காரும் உயரம். சிலவற்றில் பெயர்கள், மற்றவற்றில் ஒற்றை ஒற்றைச் சொற்கள், எதிர்ப்பு, தண்டனை, ஓடிப்போதல் பற்றியவை. சிலை கிடையாது, சங்கிலி கிடையாது. மதிய வேளையில் பக்கத்து அலுவலகத்து ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

முதல் நடையின்போது நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்து போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன், பின்னால் மலை தெரிய. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

ரெண்டாவது தடவை மழை விட்டிருந்தது. வெட்டிய எழுத்துக்குள் எல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு எழுத்தில் பாதி தின்ற உருளைக்கிழங்கு வறுவல் துண்டு ஊறிக்கிடந்தது. கூட்டிவந்த அம்மா பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, ஒன்றும் பேசாமல் அந்தக் கல்லைத் துடைத்தார். தினமும் செய்கிற வேலைபோல, நம் வீட்டில் சாமி படத்தைத் துடைப்பதுபோல. துடைத்த பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். ஆறு பேரும் முறை வைத்து வாசித்தோம். கல் குளிர்ச்சியில் விரல் மரத்துப்போயிற்று.

ஆட்கள் அதன்மேல் உட்காருவது உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று அவரைக் கேட்டேன். "உட்காரட்டும். என்றைக்காவது ஒருவர் குனிந்து பார்ப்பார்" என்றார். எனக்கு அது இன்னும் சம்மதமில்லை. துடைக்கிற துணியைப் பையிலேயே வைத்திருப்பவர் அதைச் சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

நவம்பர் 18, இரவு

விட்டுப்போனது: அடிமை மரம். ஸ்பின் தெருவில் ரெண்டு பக்கம் வண்டி போகும் நடுத்திட்டில், தரையோடு தரையாக ஒரு வட்டக்கல். "பழைய அடிமை மரம் இந்த இடத்தில் நின்றது" என்ற அளவில் எழுத்து, அவ்வளவுதான். மரத்தை 1916-ல் வெட்டிவிட்டார்கள். அதன் நிழலில் வைத்து ஏலம் போட்டதாகச் சொல்வார்கள். தெரியாதவர்கள் அதை மிதித்துத்தான் தெருவைத் தாண்டுவார்கள், நானும் ரெண்டு மாதம் மிதித்துத் தாண்டியிருக்கிறேன். என் அலுவலகம் அந்தப் பக்கம்தான்.

நவம்பர் 22

பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விட்டது, நல்லதுதான். ஆமாம், அங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'கெரி' என்பது நம் கறி. 'அட்சார்' ஊறுகாய். ஆனால் என்னை நிறுத்தியது சாப்பாட்டுச் சொல் இல்லை. அந்த அம்மா போ-காப் மேட்டில் ஒரு வீட்டைக் காட்டி, தன் பாட்டி கடைசி வருஷங்களில் 'காட்டெல்'லை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றார். என்னது என்றேன். படுக்கிறதுதான், காட்டெல் என்றார். நான் "கட்டில்" என்றேன். அவர் "காட்டெல்" என்றார். நான் "கட்டில்". ரெண்டு பேரும் தெருவிலேயே நின்று சிரித்தோம். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 23

கோலாலம்பூர் நண்பர் சொல்வது சரி. மலாயிலும் 'காத்தில்' இருக்கிறது, ஆகவே அந்தச் சொல் நேராக நம் கரையிலிருந்து கேப்டவுனுக்குப் போகவில்லை, மலாய் வழியாகப் போயிருக்கும். நேராகப் போனது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், கத்ரெய்ன் போன வழியும் அதேதான். பழவேற்காடு, பட்டாவியா, கேப்டவுன்.

நவம்பர் 26

போ-காப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சேலத்து நண்பர் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், வண்ண வண்ண வீடுகள் இருப்பது அங்கேதான்.

டார்ப் தெருவில் அவ்வல் பள்ளிவாசல். 1794. அந்த இடத்தை வாங்கியவர் கோரிடான் வான் சிலோன், விடுதலையடைந்த அடிமை. அவர் மகள் சார்ச்சி அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். முதல் இமாம் துவான் குரு, இந்தோனேசியாவின் திடோர் தீவின் அரச குடும்பத்தவர். அவரை 1780-ல் நாடு கடத்தி ராபன் தீவில் அடைத்தார்கள். பதின்மூன்று வருஷம் உள்ளே இருந்து, குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். அந்தப் பிரதி பள்ளிவாசலில் கண்ணாடிக்குள் இருக்கிறது. மண்டேலா இருந்த அதே தீவு.

வீடுகளுக்கு வண்ணம் வந்த கதையை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் அடித்தது என்று முதல் நடையில் கேட்டேன். அங்கே சமோசா விற்கும் வயதான அம்மா, "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவே வெள்ளை" என்றார். நான் அந்த அம்மா பக்கம்.

நவம்பர் 27

கோரிடானைத் தமிழர் என்று ரெண்டு பேர் பகிர ஆரம்பித்துவிட்டார்கள். தயவு செய்து வேண்டாம். 'வான் சிலோன்' என்பது எந்தத் துறையிலிருந்து ஏற்றினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அவர் பேசியது சிங்களமா தமிழா வேறெதுவுமா என்று அந்தப் பெயரில் இல்லை. கத்ரெய்னுக்கும் அதே நியாயம்தான். பழவேற்காட்டில் தமிழும் தெலுங்கும் உண்டு, ஒல்லாந்தர் அரக்கான் (இன்றைய மியன்மார்க் கரை) பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்களை அங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அவள் எங்கள் ஊரிலிருந்து போனவள். எனக்கு அது போதும்.

டிசம்பர் 1

இன்று கேப்டவுனில் அடிமைகள் விடுதலை நாள். 1834 டிசம்பர் 1. இரவில் விளக்கு ஏந்தி ஊருக்குள் ஊர்வலம் போவார்கள்.

அன்று விடுதலை ஆனவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடவில்லை. இன்னும் நாலு வருஷம் 'தொழில் பயிற்சி' என்ற பெயரில் அதே எஜமானனிடம் வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். 1838 டிசம்பர் 1-தான் நிஜமான நாள். 36,000-க்கும் அதிகமானவர்கள். இழப்பீடு கொடுத்தார்கள், ஆமாம். அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு.

டிசம்பர் 3

கடற்கரை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கிளிஃப்டன் கடற்கரை பணக்காரர்கள் குளிக்கும் இடம், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். 1794 டிசம்பரில் சாவ் ஜோசே என்ற போர்த்துக்கீசியக் கப்பல் மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்கு 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்து அங்கே பாறையில் மோதியது. 212 பேர் முழுகிப்போனார்கள். தப்பித்துக் கரையேறியவர்களை அங்கேயே விற்றுவிட்டார்கள். 2015-ல் கப்பலை அடையாளம் கண்ட பிறகு, மொசாம்பிக்கிலிருந்து மண் கொண்டுவந்து முக்குளிப்பவர்கள் அந்த இடத்தில் போட்டார்கள்.

நம் ஊரில் ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் மண்ணும் தண்ணீரும் மாற்றிக்கொண்டு போவார்களே. அது ஞாபகம் வந்தது.

டிசம்பர் 20

சேலத்து நண்பர் போய் வந்துவிட்டார். அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரை நாள் என்று போனவர் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டாராம். அடிமை விடுதியில் ஒளித்தூணைச் சுற்றி வளையம் வளையமாகப் பெயர்கள் இருக்குமே, அவருடைய பத்து வயது மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வாசித்தாளாம். "இவங்க அப்பா அம்மா வச்ச பேர் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

எனக்கும் தெரியாது. கத்ரெய்ன் என்பது யாரோ வைத்த பெயர். பழவேற்காட்டில் அவளை யாராவது ஒருத்தி, சாப்பிட வா என்று, வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். மூன்று தடவை நடந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அண்ணா.

ஜனவரி 2

அங்கே இன்று 'ரெண்டாம் புத்தாண்டு'. வருஷப் பிறப்பன்று எஜமானர்கள் வீட்டில் விருந்து, அடிமைகளுக்கு இடுப்பொடிய வேலை. மறுநாள்தான் அவர்களுக்கு லீவு. அந்த மறுநாளைத்தான் இன்றும் முகத்தில் சாயம் பூசி, பளபளவென்று சட்டை போட்டு, மேளம் அடித்துக்கொண்டு ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடுகிறது. நமக்கு மாட்டுப் பொங்கல் மாதிரி மறுநாளுக்கு என்று ஒரு தனி ருசி. என்னால் பார்க்க முடியவில்லை, அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 17

நேற்று காணும் பொங்கல். பழவேற்காட்டில் வழக்கம்போல ஜனக்கூட்டம், வண்டி நகரவில்லை. இன்று காலையில் கூட்டம் வடிந்த பிறகு பெரியப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் கல்லறை. தொல்லியல் துறை வேலி போட்டு வைத்திருக்கிறது. வாசலின் ரெண்டு பக்கமும் அதே எலும்புக்கூடுகள். உள்ளே ஒல்லாந்தர் கல்லறைகள், கல்லில் பெரிய பெரிய எழுத்து, பெயர், வயது, எல்லாம் இருக்கிறது. குனிந்து நிதானமாக வாசிக்கலாம், அவ்வளவு தெளிவு. பெரியப்பா மகள் கல் மேலே உட்காரப் போனவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் கோட்டை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு அண்ணன், "இன்னாம்மா தேடுறீங்க, கோட்டையா? அங்க முள்ளுதான் கீது" என்றார். முள்தான். சீமைக்கருவேலம் அடர்ந்து, அகழி மட்டும் பச்சைத் தண்ணீரோடு கோடு மாதிரித் தெரிகிறது. இங்கேயிருந்து ஆட்களையும் கப்பலில் ஏற்றினார்கள், தெரியுமா அண்ணா என்று கேட்டேன். அவர் வலையை இறக்கி வைத்தார். "யாரை? நம்மாளுங்களையா?" என்றார். கத்ரெய்ன் கதையைச் சொன்னேன். முழுசாக நின்று கேட்டார். ஸ்னைமன் என்ற பெயரை ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். "அந்தக் குடும்பத்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தேடிப்படித்தவர்களுக்குத் தெரியும் என்றேன். எங்களோடு படகுத்துறை வரைக்கும் நடந்து வந்து, மண் மேடிட்டு முகத்துவாரம் மூடிக்கொள்ளும், பெரிய கப்பல் கிட்ட வர முடியாது, சின்னப் படகில்தான் கொண்டுபோய் ஏற்றியிருப்பார்கள் என்று கையைக் காட்டிச் சொன்னார். அதை எனக்கு எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

கல்லறை, கோட்டை, படகுத்துறை. மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம்.

ஜனவரி 19

பழவேற்காட்டில் இதே வழியில் சேர்ந்து நடக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், வருகிற ஞாயிறு. இதுவரை ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சேலத்து அண்ணன் மகளோடு வருகிறார். காலை ஆறரைக்குப் பழவேற்காடு பேருந்து நிலையம். பொன்னேரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். கோட்டைப் பக்கம் முள் இருப்பதால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். தண்ணீர், தொப்பி. வலைக்கார அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார், அன்று கடலுக்குப் போகவில்லையாம். துடைக்க ஒரு துணி நான் கொண்டுவருகிறேன்.